டெல்சிக்கு ரெண்டு சீட்

"சைக்காலஜியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எம்.எஸ்.டபிள்யூ படி. இல்லேன்னா வீட்டுல இரி!"

செல்வன் போட்ட சத்தத்தில் குளோரி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். மகளிடம் அவர் இப்படிக் கத்தி அவள் பார்த்ததே இல்லை.

டெல்சிக்கு நாகர்கோவிலில் ரெண்டு கல்லூரியில் சீட் கிடைத்திருந்தது. ஒன்றில் எம்.எஸ்சி சைக்காலஜி, இன்னொன்றில் சமூகப்பணி, அதாவது எம்.எஸ்.டபிள்யூ. எது என்று இன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

"என்னத்துக்கு வேண்டாம்?" என்று டெல்சி கேட்டாள்.

"பைத்தியத்துக்குப் பாக்குற படிப்பாக்கும்னு ஊர்ல சொல்லுவாங்க."

"அப்பிடிச் சொல்லுங்க! பிள்ளைகளைப் பிடிச்சதைப் படிக்க விடுங்கன்னு சர்ச்சுல பங்குப் பேரவைக் கூட்டத்துல மைக் பிடிச்சுப் பேசினது யாரு? உங்க பிள்ளைன்னா மட்டும் வேற நியாயமா?"

செல்வன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வசமாக மாட்டிக்கொண்ட மனுஷன் வேறென்னதான் செய்வார்!

குளோரிக்கும் பொறுக்கவில்லை. "புயல்ல கடல்ல ஆளு போன வீடுகள்ல எத்தனை பேரு இன்னும் ஒறக்கமில்லாம கெடக்காங்க. அவங்களுக்கு உதவணும்னுதானே பிள்ளை கேக்கா?"

"உதவட்டு. நான் வேண்டாம்னா சொன்னேன்? சைக்காலஜி படிச்சா ரூமுக்குள்ள இருப்பா, ஆளு தேடி வரணும். மத்தது படிச்சா இவளே வீடு வீடாப் போவால்லா? எல்லாம் விசாரிச்சாச்சு."

"கஷ்டம்னா தேடி வரத்தான் செய்வாங்கப்பா."

"வரமாட்டாங்க."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நானே வாசல் வரைக்கும் போயிட்டு உள்ள போகலியே, மக்கா."

குளோரி மகளை முந்திக்கொண்டு கேட்டாள். "நீங்களா? எங்க?"

"அந்தப் புயல்ல, என்கூட மீன்பிடிக்க வந்த லிபின் நம்ம வள்ளத்துலேர்ந்து கடல்ல விழுந்து போனானே... கண்ணை மூடினா அவன் கூப்பிடுற சத்தம்தான். தாங்க முடியாம நாகர்கோவிலுக்கு மனநல டாக்டரைப் பாக்கப் போனேன். மாடிப்படி பக்கத்துல நம்ம ஊரு ததேயு கண்டுட்டான். 'என்ன அண்ணே, இங்க?'ன்னு கேட்டான். கீழ பல்லு டாக்டர் போர்டு இருந்துச்சு. பல்லு வலின்னு சொல்லிட்டேன்."

"அவர் போனதும் மேல போயிருக்கலாமேப்பா?"

"அவன் எங்க போனான்? ஆஸ்பத்திரியில ஊர்க்காரனைத் தனியா விட்டுட்டு யாரும் போவாங்களா? பாசக்காரன், கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயி பக்கத்துலயே உக்காந்துட்டான். பல்லுல ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லுகாரு."

"பிறவு?"

"பிறவு என்ன... வலிக்குதுன்னு அடம்பிடிச்சு, நல்ல பல்லைப் பிடுங்கிட்டு வந்தேன்."

"அடப்பாவி மனுஷா!" குளோரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் படுத்திருந்த தனக்கே தெரியாமல் போயிற்றே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

டெல்சி போனில் சீட் உறுதிசெய்யும் பக்கத்தைத் திறந்தாள். எம்.எஸ்.டபிள்யூவை அழுத்தினாள். பிறகு அப்பாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மொத வீடு நம்ம வீடுதான்ப்பா. சொல்லுங்க... லிபின் என்ன சொல்லிக் கூப்பிடுகான்?"