பயந்தால் திறக்கும் பெட்டி

வால்பாறை எஸ்டேட் மேலாளர் சாலமனின் வீட்டில் அன்று காலை புதிய துப்பாக்கிப் பெட்டியைக் கம்பெனிப் பெண் ஒருத்தி பொருத்தினாள். உயிர்ப்பயத்தோடு கை வைப்பவருக்கு அது உடனே திறக்கும். விளையாட்டாகக் கை வைக்கும் பிள்ளைகளுக்குத் திறக்காது.

சாலமன் கை வைத்துப் பார்த்தான். திறக்கவில்லை.

"என் வீட்டுல எனக்கென்ன பயம்?" என்று சிரித்தான். "ஜெசிந்தா, நீ வை."

"வேணாங்க."

"வைடிங்கறேன்ல!" அவன் மனைவியின் முதுகை ஒட்டி வந்து நின்றான்.

அவள் விரல் பட்டதுமே பெட்டி திறந்துகொண்டது. பொருத்த வந்த பெண் தலை குனிந்துகொண்டாள். சாலமனின் சிரிப்பு நின்றது.

துப்பாக்கி ஜெசிந்தாவின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் அதையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு பெட்டியைச் சாத்திவிட்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள்.

"உங்க வண்டியில நானும் பிள்ளைங்களும் வரலாமா?"