முன்பல்லில் ஒரு ஜன்னல்

விட்டோல்ட்டுக்குத் தோள்பட்டை இரண்டும் கழன்று விழுவதுபோல் வலித்தன. இரண்டு நாளாக வார்சாவின் பத்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கி, பற்பசை விளம்பரத் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அதில் சிரித்த பெண்ணின் முகம் நாற்பது வீட்டு ஜன்னல்களை விழுங்கியிருந்தது.

ரொட்டியும் ஊறவைத்த வெள்ளரியும் தின்னக் கீழே இறங்கினான். தோல்சட்டை போட்ட ஒருவன் கார் எஞ்சினை அணைக்காமலே ஓடி வந்தான்.

"அண்ணே, உள்ள எங்கம்மா இருக்காங்க. வெளிச்சமே இல்லாம ரெண்டு நாளா அழுவுறாங்க. அவங்க ஜன்னலுக்கு நேரா மட்டும் கொஞ்சம் வெட்டி விடுங்கண்ணே."

"துணியை வெட்டினா என் சீட்டைக் கிழிச்சிருவானுங்க. விளம்பரம் குடுத்தவன் சும்மா விடுவானா?"

"பெத்தவளுக்காகக் கெஞ்சுறேண்ணே." அவன் கண் கலங்கியது.

விட்டோல்ட்டின் தாயும் இப்படி ஒரு துணிக்குப் பின்னால்தான், பகலிலும் விளக்கெரிய, ஆறு மாதம் கிடந்து செத்தாள். அந்தத் துணியைக் கட்டியவனும் விட்டோல்ட்டேதான். வெள்ளரியை மெல்லாமல் விழுங்கினான்.

"எத்தனாவது மாடி?"

"போய்ப் பாருங்க, தெரிஞ்சிரும். குள்ளமா, நரைச்ச தலை. தாடையில மச்சம். பேரு லியோகாடியா."

மொட்டைமாடி ஏறி, துணிக்கும் சுவருக்கும் நடுவே ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்தபடி இறங்கினான். ஏழாவது மாடி இருட்டில் ஒருத்தி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தாடையில் மச்சம்.

இந்தக் கயிற்றை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை. இருந்தாலும் கத்தியைச் செருகி மூன்று பக்கம் அறுத்தான். சிரித்தவளின் முன்பல் மடிந்து தொங்க, அறைக்குள் வெயில் பாய்ந்தது. கீழே தோல்சட்டைக்காரன் நிமிர்ந்து பார்த்தான். விரல்விட்டு மாடிகளை எண்ணினான். கார் உறுமல் நின்றது.

கிழவி ஜன்னலைத் திறந்து சீறினாள். "அடப்பாவி! இந்தத் துணி வந்த பிறகுதான்யா கண்ணசந்தேன். எவன் வெட்டச் சொன்னான்?"

"உங்க பிள்ளைதான், லியோகாடியாம்மா. அதோ, படியேறப் போறாரு பாருங்க."

"பிள்ளையா?" ஓட்டை வழியே குனிந்து பார்த்தவள் முகம் வெளுத்தது. ஓடிப்போய்க் கதவுக்கு மேசையை முட்டுக்கொடுத்தாள். விட்டோல்ட் ஒன்றும் புரியாமல் கயிற்றில் ஆடினான்.

"விளம்பரக் கம்பெனியில தரை துடைக்கிறவ நான், தம்பி. போன மாசம் அங்க ஒரு கொலையைப் பார்த்தேன். அதுலேர்ந்து இங்க ஒளிஞ்சு கிடக்கேன்."

படிக்கட்டில் காலடிகள் தடதடத்தன.

"கொலைகாரன் யாருன்னு கோர்ட்டுல நான் ஒரு பேரு சொல்ல வேண்டியிருக்கு. மேல ஏறி வர்றானே, அவன் பேரு."