ஒன்றரைப் பக்கம்

“இந்தக் கம்ப்யூட்டர் எழுந்திரிக்கிறதுக்குள்ள நீ என்னதான் பண்ணுவே?” என்று நூலகர் அம்மா ஒருமுறை கேட்டார்.

“சும்மா உட்கார்ந்திருப்பேம்மா” என்றாள் கவுன்ட்டரில் இருக்கும் பெண்.

இன்று அவர் சர்வீஸ்காரரையே வரவழைத்துவிட்டார்.

“மெதுவா எழுந்திரிக்கிறது பழகிடுச்சு சார். ஆனா சிவப்பு சிவப்பா எச்சரிக்கை வருது. வெடிச்சுத் தொலைக்குமோ?”

“வெடிக்காதும்மா. லினக்ஸ் மெஷின், மனசுல உள்ளதைக் கொட்டிடும். அவ்வளவுதான்.”

நூலகர் சிரித்துக்கொண்டே அலமாரிப் பக்கம் போனார். சர்வீஸ்காரர் ஒரு கோப்பைத் திறந்தவர், புருவத்தை உயர்த்தினார்.

“ஆன் பண்றப்பல்லாம் இல்லாத டிஸ்க்கைப் பத்து நிமிஷம் தேடச் சொல்லி எழுதி வெச்சிருக்கு. இது தானா வந்த கோளாறு இல்லையே! யார் பார்த்த வேலை?”

கவுன்ட்டர் பெண்ணின் கை, மடியில் இருந்த நோட்டை அவசரமாக மூடியது. அதற்குள் பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் இருந்த கதையை அவர் பார்த்துவிட்டார்.

“மெஷின் வந்துட்டா வேலையும் வந்துடும் சார். அதான்... இங்க இருந்த புத்தகத்தைப் பார்த்துப் பண்ணினேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, வேலை போயிடும்.”

“பத்து நிமிஷத்துல எத்தனை பக்கம் தேறும்?”

“ஒன்றரை.”

அவர் ஏதோ தட்டிவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினார். பத்து இருந்த இடத்தில் இப்போது பதினைந்து இருந்தது; எச்சரிக்கையைத் திரையில் காட்டாதே என்று ஒரு வரியும் சேர்ந்திருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் மெஷினை அணைத்து மறுபடி போட்டார். சிவப்பு எழுத்து ஒன்றுகூட வரவில்லை.

“அப்பாடா!” என்றார் எட்டிப் பார்த்த நூலகர்.

சர்வீஸ்காரர் பையை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.