வேலியில் மாட்டிய கையுறை

வேலியில் மாட்டியிருக்கும் குழந்தைக் கையுறையை, அதுவும் ஒற்றைக் கையுறையை, எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போகிறவரை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?

நான் திருடி என்றுதான் சொன்னேன். டிராமுக்குள் நின்றுகொண்டு, கொஞ்சம் சத்தமாகவே.

கீழே விழுந்து கிடக்கும் கையுறையை யார் பார்த்தாலும் பக்கத்து வேலியில் மாட்டிவிட்டுப் போவார்கள். தொலைத்தவர் தேடி வந்து எடுத்துக்கொள்வார். எங்கள் தீவில் அப்படித்தான். ஆஸ்லோவிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு நாள் ஊர் சுற்ற வந்திருந்தோம். பூங்காவில் பன் தின்பதற்காகக் கழற்றிய கையுறையை என் மகள் தூவா அங்கேயே தவறவிட்டுவிட்டாள். தேடிக்கொண்டு திரும்பி வரும்போது டிராம் ஜன்னல் வழியே பார்த்தோம். பூங்கா வேலியில் அவளுடைய சாம்பல் நிறக் கையுறை. பச்சைத் தொப்பி போட்ட ஒரு வயதான அம்மாள் அதை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, பைக்குள் போட்டாள்.

"அம்மா! என் டொக்கா!" என்று அலறினாள் தூவா.

டொக்கா, அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆடு. போன கோடையில் பாறையிலிருந்து விழுந்து செத்துப்போனது. அதன் ரோமத்தில் நான் பின்னிய இந்த ஒரு ஜோடிதான் மிச்சம்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடினோம். ஆளைக் காணோம். வேலிக் கம்பியில் ஏதோ ஒரு சீட்டு மட்டும் கட்டியிருந்தது.

"என்னம்மா அது?"

"பூனையைக் காணோம்னு எவனாவது கட்டியிருப்பான். வா."

"ஒத்தைக் கையுறையை வச்சு அந்தம்மா என்ன பண்ணப் போகுது?" என்றான் என் கணவன் எய்ரிக்.

"சிரிக்காதே. நம்ம ஊர்ல இப்படி நடக்குமா?"

"நம்ம ஊர்ல இருக்கிறதே நாப்பது பேர். திருடினா மறுநாளே மாட்டிக்குவோம்."

தூவா சிரிக்கவில்லை. மிச்சமிருந்த கையுறையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டே தூங்கினாள்.

மறுநாள் பத்தரைக்கு ரயில்.

"ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்மா..."

போனோம். அதே பச்சைத் தொப்பி! வேலியருகே குனிந்து என்னவோ செய்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, நில்லுங்க! எங்க பொண்ணோட கையுறையை எடுத்துட்டுப் போனது நீங்கதானே?"

"நான்தான். சீட்டைப் படிச்சுட்டுத்தானே வந்தீங்க?"

நேற்றுப் பார்த்த அதே சீட்டு. 'சாம்பல் நிறக் கையுறை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு இங்கேயே மாட்டிவிடுகிறேன்.'

பக்கத்திலேயே கையுறை. துவைத்து, உலர்ந்து, புசுபுசுவென்று.

"கட்டைவிரல்ல ஓட்டை. அப்படியே விட்டுட்டுப் போக மனசு வரலை. இந்தக் குளிர்ல சின்ன விரல் வெறைச்சுப் போகுமே? அடைச்சுத் தைக்க அதே நிறத்துல நூல் இல்லை. நீலம்தான் இருந்துச்சு" என்றார்.

தூவா அந்த நீல நுனியை உற்றுப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"டொக்காவுக்கு மூக்கு வந்திருச்சு!"

"யாரோ நேத்து டிராம்ல..." என்று ஆரம்பித்த எய்ரிக்கின் காலை அழுத்தி மிதித்தேன்.

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"பத்தரைக்கு ரயிலுங்க."

"பின்னினது யாரு, நீயா?"

"நான்தாங்க."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து ஊசியையும் நீல நூலையும் எடுத்தார்.

"அப்போ இன்னொண்ணுலயும் அதே இடத்துல ஓட்டை இருக்கும். அதையும் குடும்மா."