சிவப்புக் கம்பளம்

கதவு அதிர்கிறது. வெள்ளத்தில் வீடிழந்தவர்கள், மேட்டிலிருக்கும் இந்தத் தேவாலயத்தின் கதவை வெளியிலிருந்து தட்டுகிறார்கள். உள்ளே, தேசத்தின் பாவங்களுக்காக முழங்காலிட்டிருப்பவர்கள் கண்களை இன்னும் இறுக மூடிக்கொள்கிறார்கள். "இந்த வெள்ளம் நியாயத்தீர்ப்பு. தேசமே, மனந்திரும்பு" என்று மைக்கில் முழங்குகிறார் போதகர். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் புதுச் சிவப்புக் கம்பளம் பீடம்வரை மினுங்குகிறது. அவர் மனைவி மட்டும் எழுந்து வந்து கையை நீட்டுகிறாள். "சாவியக் குடுங்க. வெளிய கைக்குழந்தை அழுவுதுங்க." அவர் மைக்கைப் பொத்திக்கொள்கிறார். "கம்பளம் பூரா சேறாக்கிடுவாங்க. பேசாம போய் முட்டி போடு." அவள் நீட்டிய கை அப்படியே நிற்கிறது. கதவைத் தட்டும் சத்தம் தளர்கிறது. குழந்தையின் அழுகை படியிறங்கித் தேய்ந்து, கேட்காமல் போகிறது. போதகர் மைக்கிலிருந்து கையை எடுக்கிறார். "ஸ்தோத்திரம். நம்ம ஜெபத்தைக் கர்த்தர் கேட்டுட்டார்."