அப்பாவுக்கு ஒரு மைக்

வாய் ஓயாமல் கதை சொல்கிறவன் நான். என் மகன் அழகுபாண்டி அதில் ஒன்றைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. அவனே ஒருநாள், "வீட்டுலயே ஸ்டுடியோ போட்டு உங்க கதையெல்லாம் ரெக்கார்ட் பண்ணுவோம்ப்பா" என்றான். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு அவனோடு கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

காளவாசல் கடையில் ஒவ்வொரு மைக்காகப் பேசிப் பார்த்தேன்.

"இது எறும்பு நடக்குற சத்தத்தைக்கூடப் பிடிக்கும் ஐயா" என்றார் கடைக்காரர்.

"எங்க வீட்டு எறும்பு பூட்ஸ் போட்டுத்தான் நடக்கும். எந்த மைக்கும் பிடிக்கும்."

அவர் சிரித்தார். "மைக்கை விட ரூம்தான் முக்கியம். சுவர் பூரா ஃபோம் ஒட்டிட்டா வெளிச்சத்தம் உள்ள வராது."

மகன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "உள்சத்தம் வெளிய போகுமாண்ணே?"

"துளிகூடப் போகாது."

ஒரே வாரத்தில் மாடியறை தயார். "உள்ள போயி எம்புட்டு முடியுமோ அம்புட்டுக் கத்துங்கப்பா, டெஸ்ட் பண்ணுவோம்" என்று கதவைச் சாத்தினான். அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

கதவைத் திறந்தால், மருமகள் கனகலட்சுமி அவன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "ஒண்ணுமே கேக்கலைங்க!" கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தில் அம்புட்டுச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

மறுநாளே என் கட்டிலைத் தூக்கிவந்து உள்ளே போட்டார்கள். மூன்று மாதமாயிற்று.

மைக்தான் இன்னும் வரவில்லை.