எதிர் ஷோரூமில் அப்படி என்ன?

"அப்படி என்னதான் இருக்கு அங்க?"

சொகுசுக் கார் ஷோரூம் முதலாளி மனைவியைக் கேட்டார். எதிர் ஷோரூமில் கூட்டம் தாங்கவில்லை; இவர் கடையில் ஈ ஓட்டினார்கள். இந்த மாதமும் விற்பனை படுத்தால் ஏஜென்ஸியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகக் கம்பெனி சொல்லிவிட்டது. அதனால்தான் மனைவியை வாடிக்கையாளர் போல அங்கே வேவு பார்க்க அனுப்பியிருந்தார்.

"சீட்டு?"

"நம்மளதுதான் மெத்துனு இருக்கு."

"இன்ஜின்?"

"நம்ம வண்டியோட கால் தூசி பெறாதுங்க."

"விலையாவது குறைவா?"

"கூட."

"அப்புறம் ஏன் எல்லாரும் அங்க போய் விழறாங்க?"

"எனக்கும் புரியலங்க. வண்டி இப்போ கிடைக்காது, ஆறு மாசம் ஆகும், அப்பவும் உறுதி சொல்ல முடியாதுன்னு விக்கிறவரே முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டார்."

"போடான்னு எழுந்து வந்திருப்பே."

மனைவி கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அதெப்படிங்க? கெஞ்சிக் கூத்தாடி, முன்பணம் கட்டிட்டு வந்திருக்கேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய கார்கள் வரிசையாகப் பளபளத்தன.

"நம்ம கடையிலேயே இத்தனை வண்டி நிக்குதே?"

"அதான் எப்பவும் நிக்குதே" என்றாள் அவள்.